கிரியேட்டிவ் ஏஜென்சியின் இணையதளத்தைப் புதுப்பிப்பது எப்படி: ஆவணங்கள், செலவு, கால அட்டவணை

லோகோ, விளம்பரப் படம், பேக்கேஜிங், சமூக ஊடகப் பணி என்று பிறருக்குச் செய்து தரும் ஏஜென்சி, தன் சொந்த இணையதளத்தை மாற்றி அமைக்க உட்காரும்போதுதான் திணறுகிறது. கோயம்புத்தூரில் எங்கள் சிறிய ஏஜென்சிக்காக அந்தப் பணியை முன்னின்று முடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வடிவமைப்பில் எங்களுக்கு நாள் வீணாகவில்லை. டொமைன் (தளத்தின் இணைய முகவரிப் பெயர்) யார் கையில் இருக்கிறது, எந்தப் படைப்பைக் காட்ட அனுமதி உண்டு, பழைய பக்கங்களின் முகவரி என்ன ஆகும், நிரலுக்கு உரிமையாளர் யார் என்ற கேள்விகளில்தான் மாதங்கள் கரைந்தன. ஆகவே இந்த வழிகாட்டியில் நிறத்தையும் அனிமேஷனையும் பற்றி அதிகம் இருக்காது. காகித வேலையை முதலில் முடித்துவிட்டு, வரைகிற வேலையைக் கடைசியில் தொடங்குவதற்கான வரிசை இது.

1. டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்

வடிவமைப்பாளரிடம் பேசுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. பல ஏஜென்சிகளின் டொமைன், தொடக்க காலத்தில் தளம் செய்து கொடுத்த டெவலப்பரின் சொந்தக் கணக்கில்தான் இன்றும் இருக்கிறது. ஆண்டுதோறும் அவர் புதுப்பித்துவிட்டு பில் அனுப்புவார், நாமும் கட்டிவிடுவோம். அவர் வேறு வேலைக்கோ வெளிநாட்டுக்கோ போன பிறகுதான் கடவுச்சொல் நம்மிடம் இல்லை என்பது தெரியவரும். ஹூஇஸ் (டொமைன் பதிவு விவரத்தைக் காட்டும் பொதுச் சேவை) தேடலில் உரிமையாளர் பெயர் பெரும்பாலும் மறைக்கப்பட்டே வருவதால் அதை மட்டும் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். டொமைனை விற்ற பதிவு நிறுவனத்தின் கணக்குக்குள் நுழைந்து, உரிமையாளர் பெயர், மின்னஞ்சல், கைபேசி எண், காலாவதியாகும் நாள் ஆகியவற்றைக் கண்ணால் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

பழைய டெவலப்பர் ஒத்துழைப்பவராக இருந்தால், அதே பதிவு நிறுவனத்தில் ஏஜென்சி பெயரில் ஒரு கணக்கைத் திறந்து, டொமைனை அந்தக் கணக்குக்கு மாற்றித் தரச் சொல்வதே எளிய வழி. வேறு பதிவு நிறுவனத்துக்கே கொண்டுபோவதானால் அவரிடமிருந்து அங்கீகாரக் குறியீடு வாங்க வேண்டும்; .காம் டொமைனுக்கு இது முடியப் பொதுவாக ஒரு வாரம் ஒதுக்குங்கள். புதிதாகப் பதிவு செய்த டொமைனையும் அண்மையில் நிறுவனம் மாறிய டொமைனையும் 60 நாள்களுக்கு மீண்டும் மாற்ற முடியாதபடி பூட்டி வைக்கும் வழக்கம் உண்டு என்பதால், வெளியீட்டு நாளுக்கு நெருக்கத்தில் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

அவர் தொடர்பில் இல்லையென்றால் பதிவு நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு எழுத வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவுச் சான்றிதழ், பான் அட்டை, நிறுவனப் பதிவுச் சான்றிதழ் அல்லது கூட்டாண்மைப் பத்திரம், லெட்டர்ஹெட்டில் கையெழுத்திட்ட கடிதம், டொமைனுக்காக இத்தனை ஆண்டு நீங்கள் பணம் கட்டியதைக் காட்டும் பில்கள் ஆகியவற்றை ஒரே கோப்பாகத் தயார் செய்து வைத்திருங்கள். இவற்றில் பழைய பில்கள்தான் கிடைப்பது கடினம். கணக்கரிடம் இன்றே கேளுங்கள்.

2. இருக்கும் தளத்தைக் கணக்கெடுங்கள்

புதிய தளம் எவ்வளவு அழகாக இருந்தாலும், பழைய தளத்துக்குத் தேடலின் வழியே வந்துகொண்டிருந்தவர்களை இழந்தால் அது நட்டக் கணக்குதான். ஏஜென்சித் தளங்களில் அதிகம் பேர் நுழையும் வாசல் முகப்புப் பக்கம் என்று உரிமையாளர்கள் நினைப்பார்கள். கணக்கெடுத்துப் பார்த்தால், என்றோ எழுதிப்போட்ட ஒரு கட்டுரையோ, எவரும் மறந்துபோன ஒரு பேக்கேஜிங் பணியின் பக்கமோ அந்த இடத்தில் இருக்கலாம்.

தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுள் கருவியான சர்ச் கன்சோலில் 16 மாதத் தரவு கிடைக்கும். பக்கவாரியாக அதை இறக்கிக்கொள்ளுங்கள். ஸ்க்ரீமிங் ஃப்ராக் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பு 500 முகவரிகள் வரை தளத்தைத் துழாவிப் பட்டியல் தரும். சிறு ஏஜென்சிக்கு அது போதும். இரண்டையும் ஒரே விரிதாளில் சேர்த்து, பழைய முகவரி, வந்த கிளிக்குகள், புதிய முகவரி, என்ன செய்வது என்று நான்கு பத்திகள் போடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் விடை மூன்றில் ஒன்று: அப்படியே வைப்பது, புதிய முகவரிக்கு 301 வழிமாற்றம் (வருபவரை நிரந்தரமாகத் திருப்பிவிடும் ஏற்பாடு) கொடுப்பது, நீக்குவது. நீக்கும் பக்கங்களை எல்லாம் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடும் சோம்பேறித்தனம் வேண்டாம். கூகுள் அதை இல்லாத பக்கமாகவே கணக்கிடக்கூடும், வந்தவருக்கும் தேடியது கிடைக்காது.

இந்த விரிதாள்தான் திட்டத்தின் மிக முக்கியமான ஆவணம். டெவலப்பருக்குக் கொடுக்கும் ஒப்பந்தத்திலேயே இதை இணைப்பாகச் சேர்த்துவிடுங்கள்.

3. அலுவலகத்துக்குள்ளேயே ஒருவரை வாடிக்கையாளர் ஆக்குங்கள்

சொந்தத் தளம் பாதியில் நிற்பதற்குக் காரணம் திறமைக் குறைவு அன்று. வாடிக்கையாளரின் வேலை வந்தவுடன் அது ஓரங்கட்டப்படுவதுதான். இதற்கு ஒரு வேலை எண் கொடுங்கள், டைம்ஷீட்டில் ஏற்றுங்கள், ஒப்புதல் சொல்லும் அதிகாரத்தை ஒருவரிடம் மட்டும் கொடுங்கள். உரிமையாளர், ஆர்ட் டைரக்டர், காப்பிரைட்டர் மூவரும் சேர்ந்து ஒப்புதல் தருவது என்று வைத்தால் முகப்புப் பக்கத்தைத் தாண்ட மாட்டீர்கள்.

காலத்தைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டு ஏஜென்சிக்கு ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி ஓடுவதில்லை. ஆடித் தள்ளுபடி தொடங்கித் தீபாவளி முடியும்வரை துணிக்கடை, நகைக்கடை வேலைகள் நெருக்கும், பிறகு பொங்கல், சித்திரையில் அட்சய திருதியையும் கல்லூரிச் சேர்க்கை விளம்பரங்களும் சேர்ந்து வரும். எஞ்சி நிற்பது தைப்பொங்கலுக்குப் பிறகு மார்ச் நடுப்பகுதிவரை உள்ள இடைவெளி. வடிவமைப்பும் நிரலாக்கமும் அந்த இடைவெளியில் நடக்கும்படி திட்டமிட்டு, அனுமதி வாங்குவதையும் கணக்கெடுப்பையும் கார்த்திகையிலேயே தொடங்கிவிடுங்கள். மொத்தத்தில் மூன்று முதல் நான்கு மாதம் ஆகும் என்று வைத்துக்கொள்வது நேர்மையான கணக்கு. ஒரு மாதத்தில் முடித்துத் தருவதாகச் சொல்பவர், உங்கள் உள்ளடக்கம் தயாராக இருக்கிறது என்று நம்பிச் சொல்கிறார்.

4. எந்தப் படைப்பைக் காட்டலாம் என்று எழுத்தில் வாங்குங்கள்

நாம் செய்த வேலை, நம் தளத்தில் போட யாரைக் கேட்க வேண்டும் என்ற எண்ணம் நம் தொழிலில் ஆழமாக ஊறியிருக்கிறது. சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 17-ஆம் பிரிவின்படி, ஒருவர் கேட்டுப் பணம் கொடுத்து எடுக்கப்பட்ட புகைப்படத்துக்கும் திரைப்படத்துக்கும், மாறான ஒப்பந்தம் இல்லாத நிலையில், பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். அதாவது உங்கள் ஷோரீலில் (சிறந்த பணிகளைத் தொகுத்த காணொளியில்) மின்னும் விளம்பரப் படம் பெரும்பாலும் வாடிக்கையாளருடையது. ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் நிலைமை இன்னும் இறுக்கம்.

நட்சத்திரங்கள் நடித்த விளம்பரங்களில் கூடுதல் கவனம் வேண்டும். அந்த ஒப்பந்தங்கள் வழக்கமாகக் குறிப்பிட்ட காலத்துக்கே போடப்படுகின்றன. காலம் முடிந்தபின் கடையே அந்தப் படத்தைத் தன் பலகையிலிருந்து இறக்கிவிட்டிருக்க, ஏஜென்சியின் தளத்தில் மட்டும் நடிகையின் முகம் சிரித்துக்கொண்டிருப்பது வம்பை அழைப்பதாகும். பின்னணி இசைக்கும் இதே கேள்வி உண்டு. தொலைக்காட்சி ஒளிபரப்புக்கு மட்டும் வாங்கிய இசை உரிமம், உங்கள் தளத்தில் ஓடும் ஷோரீலுக்குச் செல்லுபடியாகாமல் போகலாம். பெரிய ஏஜென்சி ஒன்றின் கீழ் துணை ஒப்பந்தமாகச் செய்த பணியானால், அனுமதி அந்த ஏஜென்சியிடமும் வாங்க வேண்டும்.

அனுமதிக் கடிதம் ஒரே பக்கம் போதும். அதில் படைப்புகளின் பெயர், எங்கெங்கே காட்டப்படும் (இணையதளம், சமூக ஊடகம், விருதுப் போட்டி), எவ்வளவு காலம், வாடிக்கையாளரின் லோகோவைப் பயன்படுத்தலாமா, விற்பனை உயர்வு போன்ற எண்களை வெளியிடலாமா என்பன இருக்கட்டும். எண்களைப் பற்றிய வரியைத் தனியாக எழுதுங்கள். பலர் படத்துக்குச் சம்மதித்து எண்ணுக்கு மறுப்பார்கள். கையெழுத்திடுபவருக்கு அதிகாரம் உண்டா என்பதையும் பாருங்கள். நம்மோடு தினமும் வாட்ஸாப்பில் பேசும் மார்க்கெட்டிங் மேலாளர் “தாராளமாகப் போடுங்கள் சார்” என்பார், சட்டப் பிரிவு அதை ஒப்புக்கொள்ளாது.

பெரிய நிறுவனங்களில் இந்தக் கடிதம் திரும்பி வரப் பல வாரங்கள் பிடிக்கும். திட்டத்தின் முதல் வாரத்திலேயே அனுப்புங்கள். வடிவமைப்பாளரிடம் கொடுக்கும் படைப்புப் பட்டியலில் கையெழுத்து வந்தவை மட்டும் இருக்கட்டும். வராதவற்றுக்காக இடம் ஒதுக்கி வைத்தால், வெளியீட்டுக்கு முந்தைய வாரம் பக்கம் ஓட்டையாகக் கிடக்கும்.

5. கொட்டேஷன், செலவு, ஒப்பந்தம்

நாம் வடிவமைப்பில் வல்லவர்கள் என்றாலும் நிரலாக்கத்துக்குப் பெரும்பாலும் வெளியாரைத்தான் நம்பியிருக்கிறோம். ஒரே தேவைக் குறிப்பைப் பலரிடம் கொடுத்தால், தனியாக வேலை செய்யும் டெவலப்பர் சில பத்தாயிரங்களில் தொடங்குவார், முழு ஸ்டூடியோ பல லட்சங்களில் முடிக்கும். இந்த இடைவெளியைக் கண்டு மலைக்காதீர்கள். பழைய உள்ளடக்கத்தை ஏற்றித் தருவது, வழிமாற்றங்கள், தமிழ்ப் பக்கங்கள், வெளியீட்டுக்குப் பின் மூன்று மாதப் பராமரிப்பு ஆகியவை சேர்ந்திருக்கின்றனவா என்று வரிவரியாகக் கேட்டால் வித்தியாசத்தில் பெரும்பகுதி விளங்கிவிடும். மலிவான கொட்டேஷனில் இவை எதுவும் இருக்காது, பின்னால் ஒவ்வொன்றாகச் சேரும்.

வெளியே தெரியாத செலவுகளை இப்போதே எழுதிவையுங்கள்: ஹோஸ்டிங் (தளத்தை வைத்திருக்கும் சர்வர் இடம்), இணைய எழுத்துரு உரிமம், கட்டணச் செருகுநிரல்கள் (பிளக்இன்), ஸ்டாக் படங்கள், காணொளித் தளச் சந்தா, மொழிபெயர்ப்பு. வெளிநாட்டு நிறுவனத்தின் சந்தாக்களில் ஒரு கண்ணி இருக்கிறது. அட்டையிலிருந்து தானாகப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கி விதிப்படி முன் அனுமதி பதிய வேண்டும். பொதுவாக 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. தேவை. ஆண்டு ஹோஸ்டிங் கட்டணம் அதைத் தாண்டினால், தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்று நீங்கள் நம்பியிருக்கும் தளம் ஒரு காலையில் மூடிக்கிடக்கும். காலாவதி நாள்களை அலுவலக நாள்காட்டியில் ஏற்றுங்கள்.

வரியில் இரண்டைக் கவனியுங்கள். ஜி.எஸ்.டி. பதிவுள்ள டெவலப்பர் 18 சதவீதம் சேர்த்து பில் போடுவார். அதை உள்ளீட்டு வரவாக (நீங்கள் கட்டும் ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ளும் தொகையாக) எடுக்க, அவர் தன் கணக்கைத் தாக்கல் செய்து அது உங்கள் வரவுகளைக் காட்டும் ஜி.எஸ்.டி.ஆர்-2பி அறிக்கையில் தெரிய வேண்டும். கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் இதைச் சரிபாருங்கள். அடுத்தது டி.டி.எஸ். (பணம் கொடுக்கும்போதே பிடித்துக் கட்ட வேண்டிய வருமான வரி); இந்தப் பணி தொழில்முறைச் சேவையா, தொழில்நுட்பச் சேவையா என்பதைப் பொறுத்து விகிதம் மாறும். பில்லில் ஜி.எஸ்.டி. தனியாகக் காட்டப்பட்டிருந்தால் அதைத் தவிர்த்த தொகைக்கே பிடித்தம் செய்ய வேண்டும். முதல் அட்வான்ஸ் போவதற்கு முன்பே ஆடிட்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். பணம் போன பிறகு கேட்டால் நம் கையிலிருந்துதான் கட்ட நேரும்.

ஒப்பந்தத்தில் மிகப் பெரிய பொறி நிரலின் உரிமை. விளம்பரப் படத்துக்குப் பணம் கொடுத்தவர் உரிமையாளர் என்று மேலே பார்த்தோம். கணினி நிரலுக்கு அந்த விதி பொருந்தாது. நிரல் சட்டத்தின் பார்வையில் இலக்கியப் படைப்பு, அதை எழுதிய வெளியாரே அதன் முதல் உரிமையாளர், நீங்கள் முழுப் பணம் கொடுத்திருந்தாலும் சரி. உரிமை உங்களுக்கு வர, 19-ஆம் பிரிவின்படி எழுத்தில், கையெழுத்தோடு கூடிய உரிமை மாற்றம் வேண்டும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் மட்டுமே என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். மாற்றிப் பெற்ற உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய, அது காலாவதியாகும். ஆகவே “பதிப்புரிமைக் காலம் முழுவதும், உலகம் முழுவதும், பயன்படுத்தாமல் இருந்தாலும் உரிமை திரும்பிச் செல்லாது” என்ற மூன்றையும் ஒரே வாக்கியத்தில் எழுதச் சொல்லுங்கள். இணையத்தில் இறக்கிய மாதிரி ஒப்பந்தங்கள் பலவும் வெளிநாட்டுச் சட்டத்தை ஒட்டியவை, இந்த மூன்றும் அவற்றில் இருக்காது.

பணத்தைத் தவணையாகப் பிரிக்கும்போது, வெளியீட்டு நாளில் முழுத்தொகையும் தீர்ந்துவிடாதபடி பத்து முதல் பதினைந்து சதவீதத்தை ஒரு மாதம் கழித்துத் தருவதாக வையுங்கள்.

6. எழுத்து முதலில், வடிவம் பிறகு

“இங்கே எழுத்து வரும்” என்று போலி வரிகளை நிரப்பி அழகான பக்கத்தை வரைந்துவிட்டு, பிறகு உண்மையான எழுத்தைத் தேடுவது, பந்தியில் ஆள்களை உட்கார வைத்துவிட்டு அரிசி வாங்கப் போவதற்குச் சமம். ஒவ்வொரு பணிப் பக்கத்துக்கும் வாடிக்கையாளரின் பிரச்சினை என்ன, நீங்கள் செய்தது என்ன, யார் யார் பங்கேற்றார்கள், என்ன விளைந்தது என்பதை முதலில் எழுதி முடியுங்கள். தொடர்ந்து பதினைந்து படங்களை மட்டும் அடுக்கிய பக்கம், வேலை கொடுக்க வருபவருக்கும் தேடல் இயந்திரத்துக்கும் ஒன்றும் சொல்வதில்லை. எட்டுப் பணிகளை நன்றாக எழுதினால் போதும், நாற்பது வேண்டாம்.

7. எழுத்துரு, படம், காணொளி

வடிவமைப்பாளர் கணினியில் இருக்கும் எழுத்துருவை அப்படியே தளத்தில் ஏற்றக் கூடாது. கணினி உரிமமும் இணைய உரிமமும் பெரும்பாலும் தனித்தனி. தமிழுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கட்டமரான் போன்ற திறந்த உரிம எழுத்துருக்கள் கூகுள் ஃபான்ட்ஸில் இருக்கின்றன. பழைய அச்சு வேலைகளுக்காக யூனிகோட் அல்லாத எழுத்துருக்களில் தட்டிய வாசகங்களை ஒட்டினால் தளத்தில் குப்பையாகத் தெரியும். மாற்றிகளில் போட்டு யூனிகோடாக்கிய பின், கொம்பும் புள்ளியும் சரியாக வந்தனவா என்று ஒருவர் உட்கார்ந்து மெய்ப்புப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளி தமிழுக்குப் போதாது. அகலமான தமிழ்ச் சொற்கள் பொத்தானை உடைப்பதைக் கைபேசியில் பாருங்கள்.

வேகத்துக்குக் கூகுள் மூன்று அளவுகளை வைத்திருக்கிறது: முக்கிய உள்ளடக்கம் 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும், தொடுதலுக்கு 200 மில்லிநொடிக்குள் எதிர்வினை வர வேண்டும், பக்கம் துள்ளும் அளவு 0.1-க்குள் இருக்க வேண்டும். ஏஜென்சித் தளங்கள் தோற்பது முதலாவதில்தான். காரணம் முகப்பில் தானாக ஓடும் ஷோரீல். ஓர் அசையாப் படத்தை மட்டும் முதலில் காட்டி, தொட்டால் காணொளி ஓடும்படி வையுங்கள். ஆர்ட் டைரக்டர் வருந்துவார், வருந்தட்டும்.

8. படிவங்களும் சோதனைத் தளமும்

ஏஜென்சிகளுக்கு வேலை கேட்டு வரும் ரெஸ்யூமேக்கள் ஏராளம். அவற்றில் கைபேசி எண், முகவரி, வாங்கும் சம்பளம் எல்லாம் இருக்கும். எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023-இன்படி, எதற்காக வாங்குகிறோம் என்ற அறிவிப்போடு ஒப்புதல் பெற வேண்டும். அந்த அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழி ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பும் தர வேண்டும். தேவையற்ற கட்டங்களைப் படிவத்திலிருந்து எடுத்துவிடுங்கள், பழைய ரெஸ்யூமேக்களை எவ்வளவு காலத்தில் அழிப்பது என்று முடிவு செய்யுங்கள்.

வெளியீட்டுக்கு முன் உருவாக்கிப் பார்க்கும் சோதனைத் தளத்தைக் கடவுச்சொல்லால் பூட்டுங்கள். தேடலில் வராமல் இருக்க ‘நோஇண்டெக்ஸ்’ குறியை மட்டும் நம்பினால், வெளியீட்டு நாளில் அதை நீக்க மறந்துவிடுவார்கள். புதிய தளம் கூகுளில் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்துபோவதற்கு அடிக்கடி காணப்படும் காரணம் இதுதான். வேர்ட்பிரஸ் அமைப்பில் இது ஒரே ஒரு சிறு கட்டம். வெளியீட்டுப் பட்டியலின் முதல் வரியாக இதை எழுதுங்கள்.

9. மாற்றும் நாள்

செவ்வாய் அல்லது புதன் காலையைத் தேர்ந்தெடுங்கள். முகூர்த்தம் பார்த்து வெள்ளிக்கிழமைதான் வேண்டும் என்று உரிமையாளர் சொன்னால், புதன்கிழமை சத்தமில்லாமல் மாற்றிவிட்டு, வெள்ளிக்கிழமை விளக்கேற்றி அறிவியுங்கள். கோளாறு வந்தால் சனி, ஞாயிறில் டெவலப்பரைப் பிடிப்பது எளிதன்று.

முந்தைய நாளே டி.என்.எஸ். பதிவுகளின் (டொமைன் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்பவை) டி.டி.எல். மதிப்பை, அதாவது பிற கணினிகள் அவற்றை நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, 300 நொடியாகக் குறைத்தால் மாற்றம் விரைவாகப் பரவும், பின்வாங்குவதும் எளிது. பழைய தளத்தின் கோப்புகளையும் தரவுத்தளத்தையும் உங்கள் சொந்த ஹார்டு டிஸ்கில் நகலெடுங்கள். பிறகு, இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்: நேம்சர்வரை (இந்தப் பதிவுகள் இருக்கும் இடத்தை) மாற்றினால் மின்னஞ்சலும் சேர்ந்து நின்றுபோகலாம். மின்னஞ்சலுக்கான எம்.எக்ஸ்., எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். பதிவுகள் பழைய இடத்தில்தான் இருக்கும். அவற்றைப் புதிய இடத்தில் முன்கூட்டியே எழுதாவிட்டால் வாடிக்கையாளரின் ஒப்புதல் மின்னஞ்சல்கள் வராது, நாம் அனுப்பும் கொட்டேஷன்கள் ஸ்பேமில் விழும். முடிந்தால் நேம்சர்வரைத் தொடாமல், தளம் இருக்கும் சர்வரைக் காட்டும் ஏ பதிவை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். எதைச் செய்தாலும், தற்போதுள்ள எல்லாப் பதிவுகளையும் முதலில் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

மாற்றிய ஒரு மணி நேரத்துக்குள், விரிதாளில் உள்ள அதிகக் கிளிக் பெற்ற பக்கங்களின் பழைய முகவரிகளைக் கையால் தட்டிப் பாருங்கள். தொடர்புப் படிவத்தை நிரப்பி அனுப்புங்கள், யாருடைய பெட்டிக்கு வந்தது என்று கேளுங்கள்.

10. அடுத்த சில வாரங்கள்

சர்ச் கன்சோலில் புதிய தளவரைபடத்தை (பக்கங்களின் பட்டியல் கோப்பை) சேர்த்து, கிடைக்காத பக்கங்களின் பட்டியலை வாரம் இருமுறை பாருங்கள். அங்குள்ள முகவரி மாற்றக் கருவி டொமைன் மாறினால் மட்டுமே தேவை. அதே டொமைனில் புதுப்பித்தவர்கள் அதைத் தொட வேண்டாம். சில வாரங்கள் வருகை ஏறி இறங்குவது இயல்பு. வேக அளவீடுகள் 28 நாள் தரவைச் சார்ந்தவை என்பதால் அவை மெதுவாகத்தான் மாறும். 301 வழிமாற்றங்களைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கக் கூகுளே சொல்கிறது. அவற்றை நீக்காமலே விட்டுவிடுவது நல்லது.

பழைய ஹோஸ்டிங்கை உடனே ரத்து செய்யாமல் இரண்டு மாதம் வைத்திருங்கள். மின்னஞ்சல் கையொப்பம், கூகுள் வணிகப் பக்கம், பிட்ச் டெக், விசிட்டிங் கார்டின் கியூஆர் குறியீடு ஆகியவை பழைய பக்கங்களைச் சுட்டுகின்றனவா என்று பாருங்கள். பிடித்து வைத்த கடைசித் தவணையைக் கொடுக்கும் நாளில், நிரலின் முழு நகல், எல்லாக் கணக்குகளின் கடவுச்சொற்கள், செருகுநிரல்களின் உரிமச் சாவிகள், கையெழுத்திட்ட உரிமை மாற்றப் பத்திரம் ஆகிய நான்கையும் வாங்கிக்கொண்டு, டெவலப்பரின் நிர்வாக லாகினை நீக்கிவிட்டு, பராமரிப்புக்காக அவருக்குக் குறைந்த அதிகாரம் கொண்ட தனி லாகின் ஒன்றைத் திறந்து கொடுங்கள்.